வீழ்ந்ததும் வீழ்த்தியதும்

‘விக்கெட் வீழ்ந்தது’ என்பது தன்வினை. ‘விக்கெட்டை வீழ்த்தினார்’ என்பது பிறவினை. களத்தில் நிகழ்ந்தது ஒன்றே என்றாலும் வாக்கியம் மாறியவுடன் அந்நிகழ்வுக்கு ஒரு வினைமுதல் வந்துவிடுகிறார். மராத்தி இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது: விக்கெட் எடுத்தவரின் பெயரோடு ‘-நே’ என்னும் உருபு ஒட்டிக்கொண்டு, செயல் இவருடையது என்று முத்திரை குத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளி அட்டை, பந்துவீச்சாளரைப் பொறுத்தவரை, ஏறத்தாழ முழுவதும் பிறவினையில் எழுதப்பட்ட நூல். விக்கெட்டை இவர் எடுத்தார், ஓட்டத்தை இவர் கொடுத்தார். பிடி தவறிய களத்தடுப்பாளரும், அந்த ஓவரை அவர் கையில் திணித்த அணித்தலைவரும், இருபத்திரண்டு கெஜத் தரையும் அந்த வாக்கியத்தில் இடம்பெறுவதில்லை.

நீண்ட தொடரில் இந்தப் பிழை பெரும்பாலும் தானே சமன்பட்டுவிடும். பிளே-ஆஃப் சுற்றில் சமன்பட அவகாசம் இல்லை. அங்கே ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பவை இரண்டு அல்லது மூன்று ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு இருபத்துநான்கு பந்துகள். ஆனால் ‘பெரிய ஆட்டக்காரர்’, ‘பெரிய ஆட்டத்தில் காணாமற்போகிறவர்’ என்னும் தீர்ப்புகள் எல்லாம் அந்த ஐம்பது, எழுபது பந்துகளைக் கொண்டே எழுதப்படுகின்றன. விக்கெட் எண்ணிக்கையை வைத்து எழுதப்படும் அத்தகைய தீர்ப்பு எவ்வளவு தொலைவுக்குப் பிழைபடும் என்பதற்குப் புனே நகரமே ஒரு நல்ல சான்றை வைத்திருக்கிறது: 2017ஆம் ஆண்டின் ரைசிங் புனே சூப்பர்ஜெயன்ட்.

சென்னை, ராஜஸ்தான் அணிகள் இரண்டாண்டு இடைநீக்கம் செய்யப்பட்டபோது அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்த இரு அணிகளுள் ஒன்று அது. ஆயுளும் இரண்டே ஆண்டுகள்தாம். 2016இல் மகாராஷ்டிரத்தின் வறட்சி காரணமாகத் தன் சொந்த மைதானத்தைப் பாதியிலேயே விட்டு விசாகப்பட்டினத்துக்குப் பெயர்ந்தது. எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. 2017இல் தலைவர் பொறுப்பு தோனியிடமிருந்து ஸ்டீவ் ஸ்மித்துக்குப் போயிற்று. பெயரின் இறுதியில் இருந்த பன்மை ‘ஸ்’ஸும் உதிர்ந்து, ‘சூப்பர்ஜெயன்ட்ஸ்’ ஒருமையாயிற்று. (பெயரியல் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறிய அரிய நிகழ்வு.) அந்த ஆண்டு 14 லீக் ஆட்டங்களில் ஒன்பதில் வென்று இரண்டாம் இடம் பிடித்தது.

பிளே-ஆஃப் வாசலில் நின்றபோது அந்த அணியின் பந்துவீச்சு பாதி கலைந்திருந்தது. 18 விக்கெட்டுகள் எடுத்திருந்த இம்ரான் தாஹிரும், 14.5 கோடி ரூபாய்க்கு வாங்கப்பட்ட பென் ஸ்டோக்ஸும் தத்தம் நாட்டுப் பணிக்காகப் புறப்பட்டுவிட்டனர். அஸ்வின் குடலிறக்கக் காயத்தால் அந்தப் பருவம் முழுவதும் ஆடவேயில்லை. அவருக்கு மாற்றாகச் சேர்க்கப்பட்டவர் சென்னையைச் சேர்ந்த வாஷிங்டன் சுந்தர். 1999 அக்டோபரில் பிறந்தவர், அப்போது பதினேழு வயது. ஆக, மும்பை இந்தியன்ஸ் அணிக்கு எதிரான இரு பெரும் ஆட்டங்களின் தொடக்க ஓவர்கள் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜெய்தேவ் உனத்கட், ஷர்துல் தாக்குர், இந்தப் பதினேழு வயது ஆஃப் ஸ்பின்னர் ஆகியோரை நம்பியே இருந்தன.

பவர்பிளேயில் சுழற்பந்து என்பது விளக்கம் தேவைப்படும் ஒரு முடிவு. முதல் ஆறு ஓவர்களில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு களத்தடுப்பாளர்களே நிற்கலாம். பந்து புதிது, மட்டையாளர் ஓங்கி அடிக்கவே வந்திருக்கிறார். வேகமாக வரும் பந்தைத் தொட்டுவிட்டாலே எல்லைக்கு ஓடும். வேகமின்றி வரும் பந்துக்கு மட்டையாளர்தாம் வேகத்தைத் தர வேண்டும். அதனால் உயரமான ஆஃப் ஸ்பின்னர் ஒருவர் காற்றில் தவழவிடாமல் நேராகவும் தட்டையாகவும் வீசினால், அவரை அடிப்பது கடினம். ஆனால் அவர் விக்கெட் எடுப்பதும் கடினம். அவருக்கு இடப்படும் பணி ஓட்டத்தை அடைப்பது. சென்னை அணி இந்த உத்தியை அஸ்வினைக் கொண்டு நெடுங்காலம் செய்துவந்தது. 2011 இறுதிப்போட்டியில் சேப்பாக்கத்தில் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெய்ல் ஓட்டமின்றி வெளியேறியதை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அன்று அஸ்வின் 16 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்.

2017 மே 16, வான்கடே மைதானம், முதல் தகுதிச்சுற்று. புனே 162, மும்பை 142, புனே 20 ஓட்டங்களில் வென்றது. வாஷிங்டன் 4 ஓவரில் 16 ஓட்டங்களுக்கு 3 விக்கெட்: ரோகித் சர்மா, அம்பத்தி ராயுடு, கைரன் பொல்லார்ட். அஸ்வினின் 2011 எண்களேதாம். ஆட்டநாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது.

ஐந்து நாள் கழித்து, மே 21, ஐதராபாத்தில் இறுதிப்போட்டி. எதிரணி அதே மும்பை. மும்பை 129, புனே 128. கடைசிப் பந்தில் நான்கு ஓட்டங்கள் தேவைப்பட, இரண்டு எடுத்து மூன்றாவதுக்கு ஓடுகையில் ரன்-அவுட். வாஷிங்டன் 4 ஓவர், 13 ஓட்டம், விக்கெட் இல்லை.

முதல் ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஒரு வீரரைக் கண்டெடுத்தார்கள். இரண்டாம் ஆட்டத்தைப் பற்றிய நினைவுகளில் அவர் பெயர் இல்லவே இல்லை. குருணால் பாண்டியாவின் 47, மிட்செல் ஜான்சனின் கடைசி ஓவர், ஸ்மித்தின் 51 ஆகியவை நினைவில் தங்கின. சுழியம் என்ற எண் தங்கவில்லை.

இவ்விரண்டு பந்துவீச்சுகளையும் அவை நிகழ்ந்த ஆட்டத்தைக் கொண்டே அளந்துபார்க்கலாம். பெரிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை. வான்கடேயில் மும்பை எடுத்த 142இல் வாஷிங்டன் கொடுத்த 16 போக, மற்ற 16 ஓவர்களில் 126, ஓவருக்கு 7.9. அவர் கொடுத்தது ஓவருக்கு 4. மற்றவர்களின் வீதத்தில் அவரும் கொடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவிலிருந்து சுமார் 15.5 ஓட்டங்களை மிச்சப்படுத்தியிருக்கிறார். ஐதராபாத்தில் 129இல் 13 போக 116, அதே 16 ஓவர்களில், ஓவருக்கு 7.25. அவருடையது 3.25. மிச்சம் 16 ஓட்டங்கள். (உதிரி ஓட்டங்களும் மற்றவர்கள் கணக்கில் சேர்ந்துள்ளன, அவற்றைக் கழித்தாலும் படம் மாறாது.)

பதினைந்தரையும் பதினாறும். புள்ளி அட்டையில் மூன்று என்றும் சுழியம் என்றும் நிற்கும் இரு பந்துவீச்சுகள் ஓட்டக் கணக்கில் ஒன்றுக்கொன்று சமம். நுணுகிப் பார்த்தால் சுழியம் அரை ஓட்டம் கூடுதலாகவே உழைத்திருக்கிறது. அதுவும் ஒரே ஓர் ஓட்டத்தில் முடிவான ஆட்டத்தில்.

அப்படியானால் மூன்றுக்கும் சுழியத்துக்கும் இடையிலான வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, தற்செயலிலிருந்து. இருபது பந்துகளுக்கு ஒரு விக்கெட் எடுப்பவர் இருபது ஓவர் ஆட்டத்தில் நல்ல பந்துவீச்சாளராகவே கருதப்படுவார். ஒவ்வொரு பந்தையும் தனித்தனி வாய்ப்பாகக் கொண்டால், அத்தகையவர் 24 பந்துகள் வீசி விக்கெட்டே எடுக்காமல் போவதற்கு 29 விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூன்றோ அதற்கு மேலோ எடுப்பதற்கு ஏறத்தாழ 12 விழுக்காடு. அதாவது திறன் இம்மியும் கூடாமல், இம்மியும் குறையாமல், பத்து ஆட்டங்களில் ஒருமுறை அவர் நாயகராவார், மூன்றுமுறை மறக்கப்படுவார். உண்மையான ஆட்டம் இவ்வளவு எளிய மாதிரிக்குள் அடங்காது. மட்டையாளர் மாறுகிறார், ஆடுகளம் தேய்கிறது, தேவைப்படும் வீதம் ஏறுகிறது. ஆயினும் இந்தச் சிக்கல்கள் தற்செயலின் பங்கைக் குறைப்பதில்லை. இன்னும் சில அடுக்குகளையே சேர்க்கின்றன.

விக்கெட் யாருக்கு வரவு வைக்கப்படுகிறது என்பதும் எண்ணத்தக்கது. அதே தகுதிச்சுற்றில் லெண்டில் சிம்மன்ஸ் ஆட்டமிழந்த விதம் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. பார்த்திவ் பட்டேல் நேராக அடித்த பந்து வீச்சாளர் தாக்குரின் கையை உரசி எதிர்முனை ஸ்டம்பில் மோதியது. சிம்மன்ஸ் கோட்டுக்கு வெளியே நின்றார். தூய தன்வினை: விக்கெட் வீழ்ந்தது. பந்துவீச்சுக் கணக்கில் அது யாருக்கும் சேரவில்லை. இதற்கு மறுதலையும் உண்டு. ஒரு முனையில் ஓவருக்கு மூன்று ஓட்டம் என்று அடைக்கப்பட்ட மட்டையாளர் மறுமுனையில் பொறுமையிழந்து தூக்கியடித்து ஆட்டமிழந்தால், பிறவினை வாக்கியம் மறுமுனைக்காரரையே எழுவாயாக்கும். இறுதிப்போட்டியில் உனத்கட் 4 ஓவரில் 19 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். பட்டேலையும் சிம்மன்ஸையும் ஒரே ஓவரில் வெளியேற்றினார். அவருடைய ஆற்றலை இதனால் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவ்விருவரும் சேர்ந்து வீசிய 8 ஓவர்களில் மும்பை எடுத்தது 32. ஏனைய 12 ஓவர்களில் 97. இருவரையும் ஓர் இணையாக மதிப்பிடுவதே பொருத்தம். இலக்கணத்தில் இணை எழுவாய்க்கு இடமிருக்கிறது; புள்ளி அட்டையில் இல்லை.

இந்தக் குழப்பத்தைக் கிரிக்கெட்டை விடப் பல பத்தாண்டுகள் முன்னதாகவே சந்தித்த விளையாட்டு பேஸ்பால். அங்கே ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரின் பெயரில் விக்கெட்டுக்குப் பதிலாக ‘வெற்றி’, ‘தோல்வி’ என்றே வரவு எழுதினார்கள். தம் அணி மட்டையாளர்கள் ஓட்டம் எடுக்காவிட்டாலும் தோல்வி அவர் தலையில் விழும். 2018இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.70 ஓட்டங்களே கொடுத்தார். வரவில் 10 வெற்றி, 9 தோல்வி. முற்காலத்து நடுவர்கள் அவரைத் திரும்பியும் பார்த்திருக்கமாட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே போயிற்று. வழக்கமான பருவத்தைப் பொறுத்தவரை அவர்கள் தெளிந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். பிளே-ஆஃப் வந்தால் அமெரிக்கர்களும் பழைய மொழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கிளேட்டன் கெர்ஷா வழக்கமான பருவங்களில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சுமார் இரண்டரை ஓட்டங்கள் கொடுத்தவர். பிளே-ஆஃபில் அது நான்கைத் தாண்டியது. ‘நெஞ்சுரம் இல்லாதவர்’ என்ற பட்டம் ஆண்டுக்கணக்கில் அவரை விடவில்லை. 2014இல் செயின்ட் லூயிஸ் அணிக்கு எதிராக அவர் சரிந்தது ஏழாம் இன்னிங்ஸில். களைத்த கையை அதுவரை களத்தில் நிறுத்தியிருந்தது பயிற்சியாளரின் முடிவு. மேலும், பிட்சர் விட்டுச்செல்லும் ஓட்டக்காரர்களை அடுத்து வருபவர் வீட்டுக்கு வரவிட்டாலும் அந்த ஓட்டங்கள் முன்னவர் கணக்கிலேயே எழுதப்படும் என்பது விதி.

யார், எப்போது, எவ்வளவு நேரம் வீசுவது என்பதை முடிவு செய்பவர் வேறொருவர் என்பதே இங்கு கவனத்துக்குரியது. இருபது ஓவர் ஆட்டத்தில் இது இன்னும் கூர்மையானது. ஆறாவது ஓவரையும் பத்தொன்பதாவது ஓவரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இறுதி ஓவர்களில் எட்டு ஓட்டம் கொடுத்தவர் நன்றாக வீசியிருக்கக்கூடும், நடு ஓவர்களில் எட்டு கொடுத்தவர் அப்படியல்ல. இடக்கை மட்டையாளர் வந்ததும் நிறுத்தப்படும் ஆஃப் ஸ்பின்னர், தமக்கு வசதியான மட்டையாளர்களுக்கு எதிராக மட்டுமே வீசியவராகிறார். அவருடைய சிக்கனத்தில் தலைவரின் பங்கும் கலந்திருக்கிறது. ஆகவே ஒரு பந்துவீச்சை மதிப்பிடுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை விக்கெட்?’ என்பதன்று, ‘எந்த ஓவர்கள், எந்த மட்டையாளர்களுக்கு, அந்த ஓவர்களின் வழக்கமான விலை என்ன?’ என்பது. இந்தக் கேள்விக்கான தரவுகள் இன்று பந்துக்குப் பந்து கிடைக்கின்றன. கிடைத்தும், ஆட்டம் முடிந்த இரவில் அரங்கங்களில் ஒலிப்பது விக்கெட் எண்ணிக்கைதான்.

அந்த ஒலிக்கு விலையும் உண்டு. உனத்கட்டைப் புனே அணி 2017இல் வாங்கியது 30 லட்சம் ரூபாய்க்கு. அந்தப் பருவத்தில் அவர் எடுத்தவை 24 விக்கெட்டுகள். ஐதராபாத் அணிக்கு எதிராகக் கடைசி ஓவரில் ஓட்டமே கொடுக்காமல் ஹாட்ரிக் எடுத்த ஆட்டமும் அவற்றுள் அடக்கம். 2018 ஜனவரி ஏலத்தில் ராஜஸ்தான் அவரை 11.5 கோடிக்கு வாங்கியது. அந்த ஏலத்தில் எந்த இந்தியருக்கும் அவ்வளவு தரப்படவில்லை. முப்பத்தெட்டு மடங்கு. அடுத்த பருவத்தில் 15 ஆட்டங்களில் 11 விக்கெட். ஓவருக்கு ஒன்பதரைக்கு மேல் ஓட்டங்கள். உடனே ‘வீண் செலவு’ என்ற வசை. 24 விக்கெட் எடுத்த ஆண்டில் அவரோடு சேர்ந்து உழைத்த தற்செயலுக்கும் சேர்த்தே 11.5 கோடி தரப்பட்டது. அடுத்த ஆண்டு தற்செயல் வேலைக்கு வராதபோது பழி அவர்மேல் மட்டும் விழுந்தது. பதினைந்து நிமிட நேர்காணலில் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் பல்கலைக்கழகங்கள் கிரிக்கெட் ஏலத்தைப் பார்த்துச் சிரிக்கத் தகுதியுடையவை அல்ல என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம்.

உனத்கட் அதன்பின் செய்தது சுவையானது. இருபது ஓவர் எண்கள் எட்டாத நீண்ட ஆட்டத்தில் 2019-20 ரஞ்சிப் பருவத்தில் 67 விக்கெட்டுகள் எடுத்துச் சௌராஷ்டிரத்துக்கு முதல் கோப்பையைப் பெற்றுத் தந்தார். 2010 டிசம்பரில் ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2022 டிசம்பரில் மீண்டும் டெஸ்ட் ஆடினார்.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு இடம் தர வேண்டும். பெரிய ஆட்டத்தின் அழுத்தத்தைத் தாங்குவது ஒரு குணம்; அதை எண்களால் மறுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அத்தகைய குணம் இருக்கலாம். ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும்போது ஒரு பதினேழு வயதினர் ரோகித் சர்மாவுக்குப் பந்து வீசி ஓவருக்கு நான்கு ஓட்டம் மட்டுமே கொடுப்பது நரம்பின் வலிமை இல்லாமல் நடவாது. ஆனால் அந்த வலிமையின் சான்று ஓட்டங்களில் இருக்கிறது. இரண்டு ஆட்டங்களிலும் ஒரே அளவில் இருக்கிறது. விக்கெட்டை அளவுகோலாக்கினால், மே 16 அன்று அவருக்கு நெஞ்சுரம் இருந்தது, மே 21 அன்று அது கரைந்துவிட்டது என்ற முடிவுக்கு வர நேரும். எதிர்வாதம் செய்பவர்களும் அதை ஏற்கமாட்டார்கள். அந்த ஆண்டு புனேயும் மும்பையும் நான்குமுறை மோதின. முதல் மூன்றிலும் புனே வென்றது. நான்காவதை ஓர் ஓட்டத்தில் இழந்த அணிக்கு ‘பெரிய ஆட்டத்தில் தோற்பவர்கள்’ என்ற பெயரும், அதே ஓர் ஓட்டத்தில் வென்ற அணிக்கு ‘வெல்லத் தெரிந்தவர்கள்’ என்ற பெயரும் கிடைத்தன.

ஒற்றை ஆட்டத்தை நம்பித் தீர்ப்பெழுதுவோர் புனேயின் புறநகரான கஹுஞ்சே மைதானத்துக்கு ஒருமுறை சென்றுவரலாம். 2017 பிப்ரவரியில் அங்கே ஸ்டீவ் ஓ’கீஃப் இரு இன்னிங்ஸிலும் 35 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். இந்தியா 105, 107 என்று சுருண்டது. ஆடுகளம் மோசமானது என்று ஐசிசி மதிப்பிட்டது. அந்தத் தொடரின் மீதி மூன்று டெஸ்டுகளிலும் சேர்த்து அவர் எடுத்தவை ஏழு விக்கெட்டுகள். அந்த ஆண்டுக்குள் அவருடைய டெஸ்ட் வாழ்வே முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் அதே மைதானத்தில், அதற்குமுன் டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்திராத மிட்செல் சான்ட்னர் ஒரே ஆட்டத்தில் பதின்மூன்று எடுத்தார். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொந்த மண்ணில் டெஸ்ட் தொடரை இழக்காதிருந்த இந்தியா 113 ஓட்டங்களில் தோற்றுத் தொடரையும் இழந்தது.

அந்த 2024 ஆட்டத்தில்தான் வாஷிங்டன் சுந்தரும் மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் டெஸ்ட் அணிக்குத் திரும்பினார். இடையில் காயங்கள் இருந்தன. அஸ்வின், ஜடேஜா, அக்சர் என்று நீண்ட வரிசையும் இருந்தது. கூடவே, பவர்பிளேயில் ஓட்டத்தை அடைப்பவர், விக்கெட் எடுப்பவர் அல்லர் என்ற பழைய குறிப்பும் அவர் பெயரோடு ஒட்டியிருந்தது. 2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த முத்தரப்புத் தொடரில் 8 விக்கெட்டுகளோடு தொடர்நாயகன் ஆனபோதும் அந்தக் குறிப்பு உதிரவில்லை. குல்தீப் யாதவை நீக்கிவிட்டு அவரைச் சேர்த்தது மட்டைவீச்சின் ஆழத்துக்காகவே என்றுதான் அன்று காலையிலும் பேசப்பட்டது. மாலையில் நியூசிலாந்து 259க்கு ஆட்டமிழந்தது. வாஷிங்டன் 59 ஓட்டங்களுக்கு 7. அவற்றுள் ஐந்து போல்டு. ஆட்டமிழக்கும் முறைகளில் ‘வீழ்த்தினார்’ என்ற பிறவினைக்கு ஐயமின்றி உரியது போல்டு. இன்னிங்ஸின் முதல் மூன்று விக்கெட்டுகளை எடுத்து வாசலைத் திறந்துவிட்டவர், 2017இல் காயத்தால் தம் இடத்தை அந்தப் பதினேழு வயதினருக்கு விட்டிருந்த அஸ்வின்.